என்ஜின் ஓடும்போதுதான் தண்ணீர்

கண்மணி அப்பாவுக்கு,

பூண்டியில் அண்ணன் தோட்டத்தில் பூண்டு எடுக்கிறார்கள். கண்மணியைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போகிறேன். நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சாவியைப் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் அக்காவிடம் கொடுங்கள்.

பங்களாக்காரர் நேற்று ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய மோட்டார் படகு ஒழுகாமல் ஓட வேண்டுமாம். இல்லாவிட்டால் மதுரையிலிருந்து வேறு மெக்கானிக் வருவாராம்.

மாதம் முழுக்க அடிப்பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூசினீர்கள். கடைசியில் பிள்ளையின் தலையணையையும் பிரித்தாயிற்று. தண்ணீர் நின்றபாடில்லை. நேற்று நான் சாப்பாடு கொண்டுவந்தபோது படகு ஏரியில்தான் கிடந்தது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நீங்கள் என்ஜினைப் போட்ட பிறகுதான் காலடியில் தண்ணீர் ஏறியது.

“என்ஜின் ஓடுறப்பத்தான் தண்ணி வருதுங்க” என்றேன்.

“ஒனக்கென்ன தெரியும்? சோத்த வச்சிட்டு வெரசாக் கெளம்பு” என்றீர்கள், கரையில் நின்ற அத்தனை பேர் முன்னால்.

பலகையில் ஓட்டை என்றால் சும்மா கிடக்கும்போதும் ஒழுகாதா? இன்றைக்குத் தாரைத் தொடாதீர்கள். என்ஜின் சூடேறாமல் இருக்க ஏரித் தண்ணீரை அதற்குள் செலுத்தும் ரப்பர் குழாயை ஒருநாள் எனக்குக் காட்டினீர்களே, என்ஜினை ஓடவிட்டு அந்தக் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

சுந்தராம்பாள்

ஈரச் சட்டையோடு படுக்காதீர்கள், இருமல் கூடியிருக்கிறது.

இன்னொன்று. குழாய் காய்ந்திருந்தால் நான் சொன்னது தப்பு, செவ்வாய்க்கிழமை நானே வந்துவிடுகிறேன். நனைந்திருந்தால் நீங்கள் பூண்டிக்கு வந்து, நான் சொன்னதுதான் சரி என்று அண்ணன் முன்னால் சொல்லி என்னைக் கூட்டிப்போங்கள்.