நடைமேடையை நோக்கி வந்து கொண்டிருக்கிறாள்

அன்புள்ள அணிலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் காலையில் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் படிக்க வரட்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், இங்கே ஒரே மழை என்று நான் பேச்சை மாற்றியது உனக்குத் தெரிந்திருக்கும். ரயில் நிலையத்தில் நாள் முழுவதும் மைக்கில் அறிவிப்புச் செய்து பிழைக்கிறவனுக்குச் சொந்த மகளிடம் பேச வாய் வரவில்லை என்றால் சிரிப்பாய். என்ன செய்வது, போனில் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். காகிதத்தில் என்றால் அடித்துத் திருத்தி அனுப்பலாம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உனக்கு இந்த ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்புக்குச் சீட் கிடைத்த செய்தி வந்த அன்றே உன் அறையில் இருந்த தையல் மிஷினை வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள், ஜன்னலுக்கு வெளிர் பச்சையில் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். என் பொண்ணு இங்கேயே வந்து மூணு வருஷம் ரூட் கேனலுக்குன்னே படிக்கப் போறா என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போதைக்குப் பொதுப் பல் டாக்டர்தான், சீக்கிரம் ஸ்பெஷலிஸ்ட் ஆயிடுவா என்று உன் அத்தையிடமும் பெருமையாகச் சொன்னாள். என் அக்காவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பொதுன்னா என்ன, பொதுக் குழாய் மாதிரி யார் வேணும்னாலும் வரலாமா என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா அதோடு விடவில்லை. ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணும்னா எனக்கு என்ன வந்திருக்குன்னு முதல்ல எனக்கே தெரிஞ்சிருக்கணுமே, அதைச் சொல்ல ஒரு ஆள் வேணாமா என்றாள். நீ இருந்திருந்தால் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்பாய்.

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், வண்டிகள் அதிகம் வராத நேரம். என் அறைக் கண்ணாடிக்கு வெளியே தூறிக்கொண்டே இருந்தது, தண்டவாளமெல்லாம் நனைந்து, எது வானம் எது தரை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். பெஞ்சில் ஒருவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். நான் கண்ணைத் திறந்துகொண்டே எங்கோ போய்விட்டேன். நீ கல்லூரி விட்டு வருகிறாய், மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்கிறது, அம்மா மேஜையில் உனக்கும் ஒரு தட்டு வைக்கிறாள், உன் ஈரத் தலையின் வாசனை அறை முழுக்க வருகிறது, நீ என்னை ஆ காட்டச் சொல்லி ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை தடவைப்பா சொல்றது, ராத்திரி தேய்ச்சுட்டுப் படுங்கன்னு என்று கோபித்துக்கொள்கிறாய். திட்டு வாங்குவது அவ்வளவு சுகமாக இருந்தது. அந்த மயக்கத்தில் வண்டி வருவதற்கான விளக்கு எரிந்தது, கை தானாகப் போய் மைக்கை அழுத்தியது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தவன், மூன்றாவது நடைமேடையை நோக்கி வந்து கொண்டிருக்கிறாள் என்று முடித்துவிட்டேன். வண்டி என்கிற சொல்லையே விழுங்கிவிட்டேன். நிலையம் முழுக்கக் கேட்டது. குடைக்காரர் விழித்துக்கொண்டு யாரென்று எட்டி எட்டிப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் திறந்து, யாருங்க அந்தம்மா, நானும் வந்து நிக்கணுமா என்று கேட்டார். டீக்கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், வந்தாச்சா என்கிறார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு எனக்குப் பயமாக இருந்தது. உன்னைப் படி என்று சொல்ல நான் நிறையக் காரணம் சேர்த்து வைத்திருந்தேன். கூடப் படித்தவள் பல்லுக்குக் கிளிப் போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு பேர் வாங்கியது, கிளினிக்கில் உன்னை வேலைக்கு வைத்திருக்கிற பெரிய டாக்டரே காலம் மாறிடுச்சும்மா, போய்ப் படிச்சுட்டு வந்துடு என்றது, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் கிளறிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்பது. இதே படிப்பு உலகத்தின் அந்தக் கோடியில் இருந்திருந்தால் நான் இப்படிப் பறந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். நீயோ, நீங்க என்ன சொல்றீங்களோ அதையே செய்யறேன்ப்பா என்று சொல்லிவிட்டாய். நான் படி என்று சொன்னால் அது வா என்றுதான் அர்த்தம், நான் வா என்றால் நீ வந்துவிடுவாய், அங்கேதான் உதைக்கிறது.

காது கொஞ்சம் பழகியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ரூட் கேனல் படிப்பைப் பற்றி நீ பேசுவது நான் வண்டித் தாமதத்தை அறிவிப்பது போலத்தான் இருக்கிறது, ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. செருப்புக் கடை மாடியில் இருக்கும் உன் கிளினிக்கைப் பற்றி ஆரம்பித்தால் உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. நாற்காலியில் சாய்ந்ததுமே வாயைத் திறந்தபடி தூங்கிவிடுகிற பஸ் டிரைவர், அவரை எழுப்ப மனசு வராமல் நீ மெதுவாகவே சுத்தம் செய்து முடித்தது. கட்டின பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, சிரிச்சா கழண்டு விழாத மாதிரி பண்ணிக் குடும்மா என்ற பெரியவர். ஆடுகிற பால் பல்லைக் காட்ட வந்த குழந்தையின் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசுவதைப் பார்த்து, நீங்களும் ஏறி உட்காருங்க என்று நீ சொன்னது. அந்த வீட்டுல எல்லார் வாயும் எனக்கு அத்துப்படிப்பா என்றபோது உன் குரல் எப்படிக் குழைந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் கால் வெச்சிருக்கேன், எதுலயும் நிக்கலை என்று குறைப்பட்டுக்கொண்டாயே, எனக்கென்னவோ நீ நன்றாகவே நின்றுகொண்டிருக்கிறாய் என்று படுகிறது. உன் கைக்கு மீறியதை அதற்கென்று இருக்கிறவரிடம் அனுப்பிவிட்டு, அந்த ஆள் திரும்பி வரும்போது வலி போச்சா என்று கேட்பதும் வைத்தியம்தான். பின்னால் எப்போதாவது, ஒரே ஒரு பல்லுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்கிற ஆசை உனக்காகவே வந்தால் அப்போது படி, அது எந்த ஊரில் இருந்தாலும் போய்ப் படி. என் காதில் விழுந்தது தப்பாகவும் இருக்கலாம், மைக்கில் அப்படி உளறினவன்தானே.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வராதேன்னு சொல்றதுக்கா காலையிலேர்ந்து உட்கார்ந்து எழுதறீங்க என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரமெல்லாம் துலக்கினாள். பிறகு வந்து, அவ குரல் குழையறது எனக்கும் கேட்டுதுங்க, நான்தான் கேக்காத மாதிரி இருந்துட்டேன், கவரை ஒட்டுங்க என்றாள்.

குனிந்தே வேலை செய்யாதே, கழுத்து போய்விடும். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஊர்ப் பல்லெல்லாம் பார்க்கிற நீ உன் பல்லை யாரிடமாவது காட்டி எவ்வளவு நாளாயிற்று என்று அம்மா கேட்கச் சொன்னாள். மாதக் கடைசிக்குள் கல்லூரிக்குப் பதில் எழுதவேண்டும் என்றாய், அதை மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து, நல்ல பேரோடு, நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். உன்னைப் பார்க்க எங்களுக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை, அதற்காக நீ ஒரு படிப்பைப் படிக்கவேண்டாம். வரவில்லை என்று எழுதும்போது எங்கள் முகம் நினைவுக்கு வரும். யார் யாரோ உன் கையை நம்பி வாயைத் திறக்கிறார்கள், எங்களை நினைத்து அது நடுங்கக் கூடாது.

உன் மேல் ஆசை குறையாத,
அப்பா