மூன்று மரை

திருவண்ணாமலை

அன்பு மலர்க்கொடிக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

புல் வெட்ட வாடகைக்கு விடும் நம் மினி டிராக்டர் சரிவில் சாயாமலிருக்க, பின்சக்கரங்களை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வளையங்களை மெக்கானிக் தணிகாசலம் மாட்டினான். எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. குனிந்து பார்த்தால், போல்ட் நீளம் போதாமல் ஒவ்வொரு நட்டும் மூன்று மரைச் சுற்றுதான் பிடித்திருந்தது. சக்கரம் கழன்று வண்டி கவிழ்ந்தால், அடியில் சுற்றும் பிளேடு டிரைவர் கோபியைக் கூழாக்கிவிடும்.

"கெட்டியா கீதுன்னா நீயே அடி அண்ணாமலை ஊர்ச் சரிவுல ஏறி ஓட்டுய்யா" என்றேன்.

"நான் எதுக்குங்க ஏறணும்? மாட்டறதுதான் என் வேலை."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஸ்பேனரால் அடித்தான். நானும் சும்மா விடவில்லை, மூக்கை உடைத்தேன். அப்புறம் ரத்தம் ஒழுக ஒழுக நீள போல்ட் போட்டு இறுக்கி, அவனே சரிவில் ஓட்டியும் காட்டினான்.

எனக்குச் சின்ன அடிதான். எழுத்து கோணலாக இருந்தால் இடது கை என்று நினைத்துக்கொள்.

தலைவழியே மாட்டும் பனியன் நாலு அனுப்பு. கடிதத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்ப கோபி அவசரப்படுத்துகிறான். அவன் உயிரோடு நிற்கிறான், அது போதும். ஆனால் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடு என்று அவனிடமா கேட்பேன்?

ஏகாம்பரம்