பட்டம் வடிவ வைரமும் எப்சியும்

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை நான் வாங்கி வந்த குடையை எப்சி இன்று கடையில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பி லூஸாம். நான் வாங்கியது கறுப்பு, அவள் கொண்டுவந்தது நீலம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கம்பி! கேட்டால், "ஏற்கெனவே வானம் இருட்டிக் கிடக்கு, அதுல கறுப்புக் குடை வேறயா?" என்கிறாள்.

ஜூலை நாலாம் தேதி வந்தால் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். இத்தனை வருடத்தில் நான் வாங்கிக் கொடுத்து அவள் மாற்றாமல் வைத்துக்கொண்ட பொருள் ஒன்று உண்டா? உட்கார்ந்து யோசித்தேன். இருபத்தைந்தாம் வருடப் பட்டுப்புடவை — மாற்றினாள். கைக்கடிகாரம் — மாற்றினாள். மிக்சி — மாற்றினாள், அதுவும் என்னையே தூக்கிக்கொண்டு வரச்சொல்லி. நர்ஸ் வேலையில் இருந்தவள், எதையும் சோதிக்காமல் ஏற்க மாட்டாள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றாவது? ஒன்றே ஒன்று?

இந்த வருடம் வைரம் வாங்கப்போகிறேன். குறை சொல்ல அவளால் வாயே திறக்க முடியாத மாதிரி ஒரு வைரம்.

ஜூன் 11, புதன்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் பட்டாபிராமன் நகைக்கடைக்குப் போனேன். அவர் மகள் ஷர்மிளா என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள். அதை அவர் மறக்கவில்லை. "வாங்க வேதசிரோமணி சார்! உங்க பேரச் சொன்னாலே எங்க வீட்ல இன்னும் எழுந்து நிப்பாங்க" என்று காபி சொன்னார்.

உருண்டை வைரமாகப் பத்துப் பன்னிரண்டு காட்டினார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எனக்குச் சலித்துவிட்டது. கடைசியில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். "இதை யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க சார். ஷேப்பு ஒரு மாதிரி."

பட்டம்! ஒன்பதாம் வகுப்பு வடிவியல் பட்டம். மேலே இரண்டு குட்டைப் பக்கம், கீழே இரண்டு நீளப் பக்கம், மூலைவிட்டங்கள் செங்குத்து. கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன்! இருபத்திரண்டு சென்ட் எடையில், கால் காரட்டுக்கும் குறைவாக, அது என் உள்ளங்கையில் கிடந்தது. சிரித்துவிட்டேன்.

ஆனால் கூட வந்த லேப் ரிப்போர்ட்தான் இடிக்கிறது. நிறத்துக்கு மார்க் போட்டிருக்கிறான், தெளிவுக்குப் போட்டிருக்கிறான். வெட்டு எப்படி என்பதற்கு ஒன்றுமே இல்லை.

"ரவுண்டுக்கு மட்டுந்தான் சார் அது போடுவான். இந்த மாதிரிக் கல்லுக்கு நம்ம கண்ணுதான்" என்றார் பட்டாபிராமன்.

ஜூன் 12, வியாழன்

கண்ணுதானாம்! முப்பத்திரண்டு வருடம் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தியவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஜூன் 14, சனி

கோயம்புத்தூரிலிருந்து ஜோனத்தான் போன். அம்மாவிடம் சொல்லாதே என்று மகனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "அப்பா, லேப்ல வளர்த்த கல்லான்னு மொதல்ல கேளுங்க. அப்புறம் ஓரத்துல நம்பர் இருக்கும், அதப் பாருங்க." பையனுக்கு எல்லாம் தெரிகிறது. கல்யாணம் மட்டும் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

சாயங்காலம் லென்ஸோடு கடையில் ஒரு மணி நேரம். பூமியில் எடுத்த கல்தான், ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் நம்பரும் ஒத்துப்போகிறது. கல்லைக் கவிழ்த்துச் செய்தித்தாள் மேல் வைத்தேன். நடுவில் எழுத்து தெரிந்தால் வெளிச்சம் உள்ளே நிற்காமல் அப்படியே ஒழுகிப்போகிறது என்று அர்த்தமாம். தெரியவில்லை. நீள நுனியில் மூளி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்த நுனிதான் பலவீனமான இடம். எதிலாவது இடித்தால் அங்கேதான் உடையும். அதனால் தங்கத்தில் 'வி' மாதிரி மடித்து அதை மூடிக் கட்ட வேண்டும். குட்டைப் பக்கத்தில் மட்டும் ஒரு இருட்டு. சாய்த்தால் போய்விடுகிறது. நேரே பிடித்தால் வருகிறது. இதற்கு எத்தனை மார்க் குறைப்பது?

"மூணு நாள் வீட்ல வெச்சுப் பாருங்க சார். ஒத்துவந்தா எடுங்க, இல்லாட்டி குடுத்துருங்க. எல்லாரும் அப்படித்தான்" என்றார்.

"நாங்க ராசியெல்லாம் பாக்கறதில்ல."

"ராசிக்கு வேணாம் சார், வெளிச்சத்துக்குப் பாருங்க. என் கடை லைட்ல கண்ணாடித் துண்டு கூட மின்னும்."

நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி வந்தேன். வெளிச்சத்துக்கு மட்டும்.

ஜூன் 16, திங்கள்

எப்சி சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் கல் வீட்டுக்கு வந்தது. எங்கே வைப்பது? அவள் கை படாத இடம் இந்த வீட்டில் இல்லை. கடைசியில் ஜெப மேஜை டிராயரில் என் பழைய பிரசங்கக் குறிப்புகளுக்கு அடியில் வைத்தேன். டியூப்லைட்டில் சாதுவாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் துள்ளுகிறது.

மாலை தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது.

காயில் கம்பி பழசு. அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

எப்சி மாடிப்படியில் காலை மடக்கிக்கொண்டாள். வீக்கம். அவளே கட்டுப் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, ஏன் முகம் வெளிறிப்போச்சு?" என்று என்னைக் கேட்கிறாள்.

நேத்து மோட்டார், இன்னிக்கு காலு. நாளைக்கு என்ன? திருப்பிக் கொடுத்துடலாமா? சே, என்னய்யா இது! ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தவன், ராசி, தோஷம் எல்லாம் அவிசுவாசம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன், இப்போது ஜெப மேஜையிலேயே ஒரு கல்லை வைத்துக்கொண்டு சகுனம் பார்க்கிறேன். குடும்ப ஜெபத்தில் பாட்டு வரியை இரண்டு தடவை தப்பாகப் பாடினேன். எப்சி பாட்டை இரண்டு சரணத்தோடு முடித்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

கால் வீக்கம் வடிந்துவிட்டது. மோட்டார்காரர் வந்து, "இந்தக் காயில் போன வருஷமே போயிருக்கணும் சார்" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

காலை வெயிலில் பார்க்கலாம் என்று வாசலுக்கு எடுத்துப்போனேன். அந்த நேரம் பார்த்து மீன்காரி முத்தாலம்மாள் வண்டியை நிறுத்தினாள். இரும்புலியூரில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது.

"இன்னா சார், காலைலயே லென்ஸ தூக்கிகினு நிக்கிற? கையில இன்னாது அது, வைரமா?"

"மெதுவா பேசு! எப்சிக்கு மோதிரம் பண்ணப்போறேன்."

"அக்காவுக்கா? அது மோதிரமே போடாதே சார்!"

"போடும், போடும். நீ மீனை எடு."

அவளுக்கு என்ன தெரியும்? கல் சூரியனைப் பார்த்ததும் வாசல் சுவரெல்லாம் வானவில் தெறித்தது. அந்த இருட்டு எங்கே இருந்தது என்று தேடவேண்டியிருந்தது. வாங்கிவிடுகிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

ஜூன் 20, வெள்ளி

அளவுக்கு எப்சியின் கல்யாண மோதிரத்தை பீரோவிலிருந்து எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, அவள் சமையலை முடிப்பதற்குள் திரும்ப வைத்துவிட்டேன். திருடன் கெட்டான்.

ஜூலை 3, வியாழன்

மோதிரம் வந்துவிட்டது. நுனி அழகாக மூடியிருக்கிறது. லென்ஸில் நாலு தடவை பார்த்தேன். ஒரு குறை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

போச்சு.

காலை ஜெபம் முடிந்ததும் கொடுத்தேன். டப்பாவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது நீங்க பொறுக்கினதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதுவரை நன்றாகத்தான் போனது. விரலில் போட்டால் கணுவைத் தாண்டவில்லை. கணு வீங்கி எத்தனை வருஷமாச்சு! தினம் அந்தக் கையால் காபி வாங்கிக் குடிக்கிறேன், ஒரு நாளாவது பார்த்தேனா? முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின மோதிரத்தைக் கொண்டுபோய் அளவு கொடுத்த மடையன் நான். கல்லோட நுனி, ஓரம், வயிறு எல்லாம் லென்ஸ் வெச்சுப் பாத்தியே, பொண்டாட்டி விரலப் பாத்தியாடா?

"மோதிரம்னாலே எனக்கு ஆகாதுங்க. வேலைல இருந்த காலம் பூரா நிமிஷத்துக்கு ஒரு தடவை கை கழுவி, விரல்ல எதுவும் இருந்தா கூசும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆனா கல்லு அழகுங்க" என்றும் சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாள்.

மீன்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பில்லையும் வாங்கிக்கொண்டாள். ஆட்டோ வரவழைத்துப் போய்விட்டாள். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாமாம்.

மாற்றத்தான் போயிருக்கிறாள். போகட்டும். வளையலோ செயினோ எடுத்துக்கொள்ளட்டும், அவள் கழுத்து, அவள் கை. எனக்கு வருத்தமே இல்லை.

இருக்கிறது.

*அதே நாள், மாலை*

மூக்கில் தங்கக் கம்பியோடு வந்து நின்றாள்! ஐம்பத்தொன்பது வயதில்! மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர். என்ன ஆச்சு என்று பதறி எழுந்தேன்.

"குத்திக்கிட்டேன். உங்க கல்ல மூக்குத்தியா கட்டச் சொல்லிட்டேன். பத்து நாள்ல தர்றேன்னாரு." உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நர்சிங் படிக்கிறப்பவே ஆசைங்க. அப்பா சர்ச்சுல உபதேசியார். நம்ம பொண்ணுங்க மூக்கு குத்துறதில்லன்னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாரு. அப்புறம் வேலை, பிள்ளை. உங்ககிட்ட கேட்டிருக்கலாம். கேக்கத் தோணல."

"வேற கல்லு ஏதாவது பாத்தியா?" என்று மெல்லக் கேட்டேன்.

"காட்டினாரு, ஒரு தட்டு நிறைய. எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. எனக்கு இதான் வேணும்னேன்."

நான் பின்கட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்து வழிகிற வரை அங்கேயே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வர எனக்கும் ஒரு சாக்கு வேண்டுமே.

ஜூலை 11, வெள்ளி

மூக்கில் லேசாகச் சீழ். உப்புத் தண்ணீர் ஒற்றடம். நான் வாயைத் திறப்பதற்குள், "கல்லு இப்ப வீட்டுலயே இல்ல, அத ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். ஜெப மேஜை டிராயர் விஷயம் இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்?

ஜூலை 20, ஞாயிறு

நேற்று மூக்குத்தி வந்தது. பட்டாபிராமனே புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிட்டார். நீள நுனி கீழே வரும்படி.

இன்று ஆராதனையில் அவள் பாடல் புத்தகத்தைப் பிரிக்கத் தலையைத் திருப்பியபோது ஜன்னல் வெயில் பட்டது. முன் வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. வெளியே வந்ததும் தனசிங் அண்ணாச்சி என்னைத் தனியாக இழுத்து, "என்ன ஐயா, டீச்சரம்மா மூக்குல..." என்று ஆரம்பித்தார். வருடக்கணக்காய் என்னோடு பழகியும், நர்ஸாக இருந்த என் மனைவியை டீச்சரம்மா என்றுதான் சொல்வார். "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றேன். மார்பு இரண்டு அங்குலம் விரிந்திருக்கும்.

சாயங்காலம் கடைக்குப் போகக் கிளம்பினேன். எப்சி மளிகை லிஸ்ட் கொடுத்தாள். உளுந்து அரைக் கிலோ, புளி, பாத்திரம் விளக்கும் நார், ஒரு டார்ச் பேட்டரி. காகிதம் கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே என்று திருப்பினேன். பட்டாபிராமன் கடை பில்.

"எப்சி! இது பில்லு!"

அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "தெரியும். இனிமே எதுக்கு அது?"