எந்தப் பக்கம் பட்டது பந்து?

ராயபுரம்,
3.11.2025

தோஸ்து யாசினுக்கு,

நீலமேகம் எழுதுகிறேன். கிழித்துப் போடாதே, கவர் புதுசு. இருபத்தோரு வருஷமாக நமக்குள் பேச்சில்லை, உன் போன் நம்பரும் என்னிடம் இல்லை. இருந்தாலும் இந்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன். என் விரல் தடித்தது. தவறிப்போய் குடும்ப குரூப்பில் விழுந்தால் மச்சினிதான் முதலில் கைதட்டல் பொம்மை போடுவாள்.

விஷயம் கால்களுக்கு நடுவே. போன மாதம் ஒரு மீன்பிடி லாஞ்சு இஞ்சினைத் தூக்கியதிலிருந்து விதைப் பக்கம் கனமாக இழுத்தது. "இன்னாய்யா, வாத்து மாதிரி நடந்துகினுகீறே?" என்று கன்னியம்மா என்னை ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். டாக்டர் வினிதாவுக்கு என் தங்கச்சி மகள் வயசு. ஒரு துண்டைக் கீழே வைத்து, இன்னொன்றால் மேலே மூடி, ஐஸ் மாதிரி ஒரு ஜெல்லைத் தடவினார். "முருகா" என்றேன். "வலிக்குதா சார்?" "இல்லம்மா, வெட்கம்."

நம் லாஞ்சில் மீன் தேடும் எக்கோ மெஷின் இருக்கிறதே, அதே வித்தைதான். சத்தத்தை உள்ளே அனுப்பி, மோதித் திரும்புவதைப் படமாக்குகிறார்கள். இடது விதை சாம்பல் நிறக் கடலாகத் தெரிந்தது. நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு மாதிரி. "மீனாம்மா?" என்றேன். "சுண்ணாம்புத் துகள்" என்றார். அதற்குமேல் நான் கண்ணைத் திறக்கவில்லை. வலதைப் பார்க்கவே இல்லை.

"முன்னாடி அங்க அடிபட்டிருக்கா? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தொண்ணூற்றொன்பது ஃபைனலில் நீ அடித்த பெனால்டிதான் ஞாபகம் வந்தது. நான் கோல்கீப்பர். பந்தைக் கை பிடிக்கவில்லை, வேறொன்று பிடித்தது. மயங்கிவிட்டேன். பக்கம் எனக்குத் தெரியாது, அடித்தவன் உனக்குத் தெரியும். பதினாலாம் தேதி ரிப்போர்ட். அதற்குள் எழுது.

நீலமேகம்


வள்ளூர்,
8.11.2025

திரு. நீலமேகம் அவர்களுக்கு,

வலது பக்கம். சந்தேகமே இல்ல. அந்தப் பந்தை நான் மனசுக்குள்ள இருபத்தாறு வருஷமா அடிச்சுகினேகீறேன். ஒவ்வொரு தபாவும் அங்கேயேதான் படுது.

என் புள்ள ஃபர்ஹானுக்குப் பேரு வெச்ச விருந்துல, பந்தியில எல்லார் முன்னாடியும் உங்க வூட்டம்மா கொழந்த இல்லாத வருத்தத்துல அழுதுகினே கேட்டாங்க: "உன் காலுதானே என் வூட்டுத் தொட்டில ஒடச்சிச்சு?" நீ தலையக் குனிஞ்சு பிரியாணி துன்னே. ஒண்ணும் சொல்லல. அப்ப நெசம்தான்னு நெனச்சேன். அந்த வாரமே இங்க கரண்டு கம்பெனில கரி கன்வேயர் வேலைக்கு வந்துட்டேன்.

டாக்டர் இன்னா சொன்னாலும் எழுது. என்னாலதான்னாலும் எழுது.

யாசின்


ராயபுரம்,
15.11.2025

யாசினு,

உன் பதிலை டாக்டரிடம் அப்படியே வாசித்தேன். அவர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். புள்ளிகள் இடதில் மட்டும் இல்லை, வலதிலும் இருக்கின்றன. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, உப்பைத் தூவிய மாதிரி. "பந்து ஒரு பக்கம்தானே சார் படும்?" என்று சிரித்தார். இது அடியால் வந்தது இல்லையாம். குழந்தை இல்லாத சிலருக்கும் இருக்குமாம், நாலு பிள்ளை பெற்றவனுக்கும் இருக்குமாம். இதைத் தனியாக வைத்து எந்தக் காரணமும் சொல்ல முடியாதாம். இப்போதைக்குப் பயமில்லை. மாதம் ஒருமுறை நானே தடவிப் பார்க்க வேண்டும், கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் உடனே ஓட வேண்டும். கனமாக இழுத்தது, இஞ்சின் தூக்கியதில் வந்த சதைப்பிடிப்பாம்.

ஆக, உன் பந்துக்கு விடுதலை.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவன் மாதிரி தெரிவேன். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அந்த விருந்துக்கு மூணு மாதம் முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் ரகசியமாக டெஸ்ட் எடுத்தேன். குறை என் விந்தில். சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, கீழே இறங்கி வேலையைக் காட்டியிருக்கலாம் என்றார்கள். பந்தில் அடிபட்டேன் என்றதற்கு, "அதெல்லாம் இல்லை" என்று வெட்டினார்கள். கன்னியம்மா உன்னைக் கேட்டபோது அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் ஊர் என்னைப் பார்த்திருக்கும். காட்டாததால் உன் காலைப் பார்த்தது. உன் கால் பெரிய கால், தாங்கும் என்று நினைத்தேன். பிரியாணி வேறு நன்றாக இருந்தது.

நேற்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு வேளையும் சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டுப் போனாள். இன்று காலை ஒரே கேள்வி: "யாசினுக்கு எழுதினியா?"

எழுதிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நீலமேகம்


வள்ளூர்,
22.11.2025

டேய் நீலமேகம்,

உன் லெட்டரை நாலு நாளா எடுத்து எடுத்துப் படிச்சேன். ரெண்டு தபா கிழிக்கப் போனேன். ஃபர்ஹான் புடுங்கி வெச்சுட்டான்.

அந்த விருந்துக்கப்புறம் நான் பந்தைத் தொட்டதே இல்லடா. ஃபர்ஹான் சின்னப் புள்ளையா "அடி நைனா"ன்னு பந்தைக் காலாண்ட உருட்டி வுடுவான். நான் நவுந்துக்குவேன். அதையெல்லாம் உன் ஸ்கேன் மெஷின்ல தேடு, கெடைக்குதா பாரு.

முப்பதாம் தேதி ஞாயித்துக்கெழமை காலைல ஏழு மணிக்கு அதே கிரவுண்டுக்கு வா. கன்னியம்மாவையும் இட்டுனு வா. நீ கோல்ல நில்லு. நான் ஒரே ஒரு பெனால்டி அடிக்கணும்.

கவசம் போட்டுக்கினு வா. கோவம் இன்னும் தீரல.

யாசின்