டிக்கி மேல் மேட்டு வீடு

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. வண்டி முழுக்க ஈரம். கம்பெனி ஒரு வாரம் லீவு. அதற்குள் இதைப் புது வண்டி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் மாமா பேரனுக்கு ஞானஸ்நானம். சொந்த வண்டியில் நாங்கள் போகும் முதல் விசேஷம்.

மேட்டு வீட்டு அய்யாவின் வண்டி இது. தப்பு. போன மாசம் வரை அவருடையது. இப்போது ஆர்.சி. என் பேரில். நைனா காலமெல்லாம் அவருக்கு டிரைவராக ஓட்டினது இதைத்தான். அய்யாவின் பையன் சென்னையில் வேறு வாங்கினதும் இதை விற்றார்கள், நான் எடுத்துக்கொண்டேன். சிவப்பு கார். வெயிலில் வெளுத்து, கொய்யாப்பழத்தை அறுத்த நிறம்.

முதல் வேலை, டிக்கி கதவில் இருந்த ஸ்டிக்கர். வெள்ளை எழுத்தில் பெரிசாக "மேட்டு வீடு". சுடுதண்ணீர்த் துணி, நகம், பசைக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். உரித்தால் அடியிலும் மேட்டு வீடு! எழுத்து மூடியிருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை, பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. முன்னைவிடப் பளிச்சென்று படிக்க முடிகிறது.

நைனா பார்த்தார். "இருந்துட்டுப் போவட்டும் பாப்பா. அவுங்க பேரு கீதுன்னா ரோட்டுல ஒரு மரியாத."

"யாருக்கு நைனா மரியாத?"

நைனா பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கார் கம்பெனியில் பெயிண்ட் செக்கிங்கில் நிற்கிறவள் நான். இந்த அஞ்சு எழுத்து எனக்கு ஒரு வேலையா?

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் ஏறும் முன் ஷெட் நிழலில் கழுவல். ரெண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலச. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உடனுக்குடன் துடைக்க வேண்டும். அம்மா துணி சோப்புத் தூளோடு வந்தாள். திருப்பி அனுப்பினேன்.

"ஒரு வண்டிக்கு எத்தினி பக்கெட்டுடி? கல்யாணப் பொண்ணு கூட இவ்ளோ குளிக்க மாட்டா."

கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தேன், ஒட்டின அழுக்கு அப்படித்தான் நன்றாகத் தெரியும். ரூஃப் சொரசொர. பானெட் பரவாயில்லை. காஞ்சிபுரத்தில் வாங்க வேண்டியது: ரப்பிங் காம்பவுண்ட், வேக்ஸ், மாஸ்கிங் டேப், ஸ்பாஞ்ச். அம்மாவுக்கு கால்வலி தைலம்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். அய்யா போன் பண்ணினாராம், கண் டாக்டரைப் பார்க்கணுமாம். நைனா எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயந்திரம் புழுதியோடு திரும்பி வந்தது.

"வித்தப்புறமும் கூப்புடுவாரா நைனா?"

"வேற யார கூப்புடுவாரு? அவுரு வண்டிதான?"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டியை வாங்கியது நான். ஆனால் நைனா வாயில் அது நம்ம வண்டி ஆகாதவரை, வாங்கி என்ன பிரயோஜனம்?

பிப்ரவரி 5, வியாழன்

மறுபடி கழுவி நேற்றே சுத்தமாக நிறுத்தியிருந்தேன். இன்று எழுந்து பார்த்தால் பானெட் எண்ணெய் வழிய மின்னுகிறது. விடியலில் நைனா டீசல் துணி போட்டுத் துடைத்திருக்கிறார். அந்த வீட்டு வாசலில் தினமும் செய்த வேலை, கை நிற்கவில்லை. பக்கத்துக் கழனியில் அறுப்பு மெஷின் இறங்கியது. வைக்கோல் தூசி மொத்தமும் வந்து அந்த டீசலில் ஒட்டிக்கொண்டது. தொட்டால் உப்புத்தாள்.

கத்திவிட்டேன்.

"அய்யா பாத்தா வண்டிய இப்டியா வச்சிக்கினு கீறன்னு கேப்பாரும்மா."

"எந்த அய்யா? ஆர்.சி.ல யார் பேரு கீது?"

அம்மா நடுவில் வந்து, "ரெண்டு பேரும் நாஷ்டா துன்னுட்டு சண்ட போடுங்க" என்றாள். துன்னோம். சண்டை போடவில்லை. மூன்றாம் தடவையாகக் கழுவல். தோள்பட்டை போயே போய்விட்டது.

பிப்ரவரி 6, வெள்ளி

காம்பவுண்ட் போட்டாயிற்று! சின்ன சின்ன வட்டம், ரொம்ப அழுத்தாமல். வெளுத்த தோல் துணியில் சிவப்பாக இறங்க இறங்க அடியில் நல்ல நிறம். கதவு, பானெட், கடைசியில் டிக்கி. எழுத்தைச் சுற்றித் தேய்த்தால் சுற்றியிருந்த வெளுப்பு எழுத்தின் நிறத்துக்கே வருகிறது. "மே" போச்சு. "ட்டு" போச்சு. தலைகால் புரியாத குஷி. அந்தக் குஷியில் கதவு ஓரத்தில் அழுத்திவிட்டேன். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் எட்டிப் பார்க்கிறது, பொட்டு அளவுக்கு. ஓரத்தில் டேப் ஒட்ட மறந்திருக்கிறேன். செக்கிங் மேடம்!

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தினி வருசம் நான் ஓட்டி ஒரு கீறல் வுடல. நீ ஒரே நாள்ல வுட்டுட்ட."

டச்சப் பெயிண்ட் வைத்துச் சமாளித்தேன். கிட்டே போய்த் தேடினால்தான் தெரியும்.

அப்புறம் ரொம்ப நேரம் டிக்கி பக்கமே நின்றார். விரலால் தடவினார்.

"ஷோரூம்ல இருந்து ஓட்டியாந்தப்ப இந்தக் கலர்லதான் இருந்துச்சி."

கடைசி "டு"வின் வால் மட்டும், சாய்ந்து பார்த்தால், கொஞ்சம் இருக்கிறது. நாளைக்கு வேக்ஸ். அது போதும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பனி இல்லை. வேக்ஸ் போட்ட பானெட்டில் தென்னை மரம் தெரிகிறது. டீக்கடைக்காரர் வழியில் நின்று, "யார் வண்டி இது, புச்சா கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தினம் பார்த்த வண்டி!

கிளம்பும் நேரம், நைனா போன் அடித்தது. அய்யா. ஸ்பீக்கர் தேவையில்லை, அவர் குரல் தெரு வரைக்கும் கேட்கும். தாமலுக்குப் போகணுமாம், வண்டியை எடுத்துக்கொண்டு வரணுமாம்.

நான் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

நைனா டிக்கியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

"இன்னிக்கி முடியாதுங்க. எங்க வண்டி எங்க வூட்டு விசேஷத்துக்குப் போவுதுங்க." போனை மறு காதுக்கு மாற்றினார். "ஆமாங்க. எங்க வண்டிதாங்க."

வைத்துவிட்டார். நான் ஸ்டீயரிங் பிடித்தேன். அம்மா கேக் டப்பாவை மடியில் வைத்து முன்சீட்டில் ஏறிவிட்டிருந்தாள். நைனா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, பின் கதவைத் திறந்து ஏறினார். ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் நடுவுக்கு நகர்ந்து காலை நீட்டிப் பார்த்தார்.

"ஏ பாப்பா, பின்னால இவ்ளோ எடம் கீதா!"