எடுக்க எடுக்கக் கூடும் சரக்கு

சலோமி,

தாய்ப்பாலுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று நேற்று விலை சொன்னவன் உன் புருஷன்தான். பன்வில தோட்டத்து மாடசாமி, பெண்சாதியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, கைப்பிள்ளைக்குப் பால் கேட்டு வந்து நின்றான். நான் பேரம் பேசி ஒரு மாத முன்பணமும் வாங்கிப் போட்டேன். "ஆண்டவர் எனக்குச் சும்மா தந்ததை விக்க நீங்க யாரு?" என்றாய். பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

நம்ம பிள்ளை தாவீதுக்குப் பால் குறைந்துபோகுமோ என்ற பயத்தில்தான் விலை சொன்னேன். விடிந்ததும் மருத்துவிச்சியைக் கேட்டேன். "குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், முதலாளி" என்று சிரித்தாள். எங்கள் பரம்பரையில் அப்படியொரு சரக்கை யாரும் கண்டதில்லை!

நீ பூசை முடிந்து கோயிலால் வருவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து, மாடசாமியின் பிள்ளையைத் தூக்கிவரப் போகிறேன். அதுவரை அவன் தாங்கவேண்டும். அடுப்பில் பூண்டுக் கஞ்சி இருக்கிறது, முழுக்கக் குடி. முஹ்ஸின் நானா நம்ம கடைக்கு அரிசி வாங்க வந்தால் கேட்ட விலைக்கே கொடு.

பி.கு.: வலது யாருக்கு, இடது யாருக்கு என்ற பாகப்பிரிவினையில் நான் தலையிடமாட்டேன்.

கணக்கு: மாடசாமிக்குத் திருப்பிக் கொடுக்க மூன்று ரூபாய், மடியில் இருக்கிறது. உனக்கு ஒரு மன்னிப்பு. ஊரெல்லாம் பேரம் பேசும் வாய்க்கு அது மட்டும் வரவில்லை, பாக்கி.