சோளக்காட்டுப் பேனரில் இருக்கும் என் படம் குறித்து

அனுப்புநர்:
அ. கோகிலா (வயது 19),
த/பெ. அண்ணாமலை,
வாழவந்தி நாடு,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாமக்கல்.

பொருள்: தென்றல்முகில் பாராமெடிக்கல் கல்லூரி என் படத்தைக் காட்டி, பொய் சொல்லி, மலைப் பிள்ளைகளைச் சேர்ப்பது, அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுப்பது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. சோளக்காடு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனர் கட்டப்பட்டுள்ளது. அதில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒரு பெண் சிரிக்கிறாள். ‘எங்கள் மாணவி கோகிலா, வாழவந்தி நாடு. இன்று சென்னையின் பெரிய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கோகிலா நான்தான். நான் சென்னையைப் பார்த்ததே இல்லை. அந்தப் பேனருக்கு நேர் கீழே என் அம்மாவுடன் அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருக்கிறேன். தாங்கள் எப்போது வந்தாலும் இரண்டு கோகிலாவையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

2. அது சேர்க்கை நாளில் அடையாள அட்டைக்கென்று எடுத்த படம். இருந்தது ஒரே கோட்டு. வரிசையில் நின்ற எல்லோரும் அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். அந்த ஸ்டெதாஸ்கோப்பை அன்றைக்குப் பிறகு நான் கண்ணால் பார்க்கவில்லை. லேப் என்று காட்டிய அறையில் ஒரு மேசையும் பூட்டிய அலமாரியும் இருந்தன. மருத்துவமனைப் பயிற்சி அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பாதி வருடம் ஓட்டினார்கள். சேரும்போது படிப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டு என்றவர்கள், நான் வகுப்பில் எழுந்து கேட்டபோது விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். மறுநாளே படிப்பை விட்டு வந்துவிட்டேன். என் மதிப்பெண் சான்றிதழ்களும் மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றும் இன்றுவரை அவர்களிடமே இருக்கின்றன.

3. முன்பின் தெரியாத இடத்துக்கு எங்கள் மலையில் யாரும் பெண்பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். நம் பிள்ளை ஒன்று முன்னால் போயிருந்தால் அனுப்புவார்கள். கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் யுவராஜ் என்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அதற்குத்தான் என் முகம். என்னையும் தேடி வந்து, “அஞ்சு புள்ளைங்களச் சேத்தி உடு கண்ணு. உன்ற சர்ட்டிபிகேட்ட நானே ஊடு தேடிக் கொண்டாந்து தாரேன்” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

4. பழம் வாங்க வரும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். “லீவுல வந்திருக்கியா சாமி?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள். எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டில் இருக்கும் என் சித்தி பாவாயி, தன் மகள் சங்கீதாவை அங்கே சேர்க்கப் போனபோது, கையைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய அலமாரியைப் பற்றியும் சொல்லி, வேண்டாம் என்றேன். “நீ மட்டும் முன்னுக்கு வந்தாப் போதுமா கண்ணு?” என்று கேட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. பழக்கூடையோடு நிற்கிற நான் சொன்னது எடுபடவில்லை. கோட்டுப் போட்ட நான் சொன்னது எடுபட்டது.

5. சேர்ந்த சில நாளிலேயே சங்கீதா போனில் கூப்பிட்டு, “அக்கா, அந்த அலமாரி இன்னும் பூட்டித்தான் இருக்குதுங்க” என்றாள். அவளும் திரும்பி வந்துவிட்டாள். சித்தியை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். முழுப் படிப்புக்கும் கட்டணம் கட்டாமல் அவளுடைய அசல் சான்றிதழ்களைத் தர முடியாது என்று மேலாளர் மணிவண்ணன் சொன்னார். என் பக்கம் திரும்பி, பேனர் பற்றிப் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் என்னுடையதை அப்போதே தருவதாகச் சொல்லி, என் சான்றிதழ்கள் இருந்த கவரை எடுத்து மேசை மேல் வைத்தார். சித்தி, “நீயாச்சும் வாங்கிக்க கண்ணு” என்றார். நான் வாங்கவில்லை.

6. ஆகவே, அந்தப் பேனரை இறக்க உத்தரவிட வேண்டும். அதிகாரி ஒருவரை அனுப்பி அந்த லேபைத் திறந்து பார்க்கச் செய்ய வேண்டும். அங்கீகாரம் உண்டா, இதுவரை எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைக் கல்லூரி எழுதிக் காட்டிய பிறகே மலையில் ஆள் சேர்க்க வர வேண்டும். இதையெல்லாம் சலுகையாகக் கேட்கவில்லை. பிள்ளையைச் சேர்க்கும் எந்தப் பெற்றோருக்கும் தெரிய வேண்டிய விவரங்கள்தான் இவை.

7. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர இந்த மாதக் கடைசிவரை சங்கீதாவுக்கு வாய்ப்பு இருக்கிறது. அசல் சான்றிதழ் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள். அதற்குள் அவளுடையதைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும். எனக்கு ஒரு வருடம் போனது போதும், அவளுக்கும் போக வேண்டாம். விசாரணை என்று வந்தால் கல்லூரிக்காரர்கள் என் கவரை மட்டும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பார்கள். அதை வைத்து மனுதாரரின் குறை தீர்ந்தது என்று எழுதி இம்மனுவை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கீதாவின் சான்றிதழ்கள் அவள் கைக்கு வரும்வரை என்னுடையதை நான் வாங்க மாட்டேன்.

இடம்: சோளக்காடு
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
அ. கோகிலா